அப்பாவின் குரலும் ஓமலூர்ப் பையனும்: முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு முன்னாள் படைவீரர் நலத்துறை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டங்களில் பணியாற்றும் உதவி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

என் அப்பா 2025 பங்குனியில் காலமானார். வயது 78. பாலம் கட்டுவது, வழி திறப்பது போன்ற வேலைகளைச் செய்கிற ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 24 வருடம் இருந்துவிட்டு, ஹவில்தாராக ஓய்வுபெற்று, கௌரவ நாயப் சுபேதார் என்ற பதவியோடு 1990-ல் ஊர் திரும்பியவர். அவர் போனபின் குடும்ப ஓய்வூதியத்தை அம்மா பெயருக்கு மாற்ற உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு வந்தோம். அங்கிருந்தவர்கள் அம்மாவை முதலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் காகிதங்களைக் கையில் வாங்கினார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயரில் இருந்த எழுத்துப் பிழையை எப்படிச் சரிசெய்வது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு நன்றி.

அன்றைக்கு அந்த மேசைமேல் அப்பாவின் 24 வருடமும் இருந்தது. எண், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதக்கங்களின் பெயர் எல்லாம். ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆனால் அவர் தன் வாயால் எங்களிடம் சொன்ன ஒரு விஷயத்தை வைக்க அந்தக் கோப்பில் இடமில்லை. அது அவரைப் பற்றியதும் அல்ல. வேறொரு குடும்பத்தைப் பற்றியது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1971 போரிலும் அதற்கு முந்தைய போர்களிலும் இருந்து, இன்றைக்கும் நம்மோடு இருக்கிற தமிழ்நாட்டுப் படைவீரர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். அதை மாவட்டவாரியாக அடுக்காமல் யூனிட் வாரியாக, அதாவது அவர்கள் இருந்த படைப்பிரிவு வாரியாக அடுக்குங்கள். வீட்டில் ஒருவரைப் போருக்குக் கொடுத்த குடும்பம் எதுவாக இருந்தாலும், அந்த யூனிட்டில் உடனிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடிக் கேட்க வழி செய்யுங்கள்.

ஏன் யூனிட் வாரியாக என்று கேட்பீர்கள். அதற்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் வேலூர்ப் பக்கம். இங்கே பட்டாளம் புதிதல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் படைக்குப் போகிற ஊர். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லையென்றாலும் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் வீடு உண்டு. அப்பா 1966-ல் சேர்ந்தார். 1962 சீனப் போருக்குப் பிறகு படையைப் பெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் மையத்தில் பயிற்சி. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது இந்தப் படைக்குத்தான் இன்னொரு பெயர். 1780-ல் தொடங்கிய பழைய படை அது. அங்கே ஜவான்களுக்கு எல்லாம் ஒரே பெயர், தம்பி. வடக்கத்தி அதிகாரியும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாராம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு அங்கேதான் ரோமன் எழுத்தில் இந்தி சொல்லிக் கொடுத்தார்கள். கூடவே தச்சு வேலையும்.

1973-ல் கல்யாணம். நான், தங்கை, தம்பி என்று மூன்று பேர். எங்கள் சிறு வயதில் அப்பா என்றால் இன்லண்ட் லெட்டர்தான். அனுப்புநர் முகவரியில் ஒரு எண்ணும், கீழே ‘56 ஏபிஓ’ என்ற ராணுவத் தபால் முகவரியும் மட்டும் இருக்கும். அவர் இருப்பது காஷ்மீரா ராஜஸ்தானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்துக்குள் படம் இருக்கும். கிணற்று ராட்டினம் கிறீச்சிடுகிறது என்று அம்மா எழுதினால், ராட்டினத்தைப் பிரித்து வரைந்து, எந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டும் என்று அம்புக்குறி போட்டு அனுப்புவார். எங்கள் மாட்டுக் கொட்டகை முழுவதும் அப்படி வந்ததுதான். அடி அங்குலக் கணக்கோடு நாலு இன்லண்டில் வரைந்து அனுப்பினார். மாமா மரம் வாங்கி வந்தார், அம்மா கடிதத்தைப் பார்த்து அளவு சொன்னாள், கொட்டகை நின்றது. அப்பா அடுத்த லீவில் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கட்டையைத்தான் மாற்றினார்.

லீவு வருடத்தில் இரண்டு மாதம். காட்பாடி ஸ்டேஷனில் கறுப்பு ட்ரங்க் பெட்டியும் ஹோல்டாலுமாக இறங்குவார். அந்த இரண்டு மாதமும் அவர் ஓய்வெடுத்து நாங்கள் பார்த்ததில்லை. கூரை மாற்றுவது, கொல்லை வேலி கட்டுவது, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாத்தியாரிடம் ஒவ்வொரு பாடத்தைப் பற்றியும் விசாரிப்பது என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

ஓய்வுபெற்று வந்தபோது அவருக்கு 43 வயது. ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராகப் பல வருடம் இருந்தார். அதோடு கொஞ்சம் நிலம், வேர்க்கடலை. நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்பதைத்தான். வந்த முதல் வாரமே அம்மாவிடம், “இத்தனை வருஷம் நீ ஒத்தையா பார்த்த. இனிமே காலைல அடுப்பு என்னுது” என்றார். சொன்னபடி கடைசி வரைக்கும் காலைச் சமையல் அவருடையதுதான். தங்கை அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். இரண்டு சடையும் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்று ரிப்பனைப் பிடித்து அளந்து பார்த்துத்தான் பள்ளிக்கு அனுப்புவார். ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் வாங்கியதே இல்லை.

2017-ல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே அப்பா திண்ணை நீளத்துக்கு இரண்டு பக்கமும் ஜிஐ பைப் நட்டு, இடுப்பு உயரத்தில் கைப்பிடி அமைத்தார். தினமும் காலை ஆறு மணிக்கு அம்மாவை அதற்கு நடுவே நிறுத்தி நடக்க வைப்பார். எண்ணுவது இந்தியில், ஏக், தோ, தீன். அம்மா இப்போதும் படி ஏறும்போது அப்படித்தான் எண்ணுகிறாள். அவளுக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது. அதற்காகக் கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் தரையை ஒட்டி, இரண்டு பக்கமும் வெள்ளை நாடா இழுத்துக் கட்டினார். “இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல வா, ஒண்ணும் ஆகாது” என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் போரைப் பற்றி மட்டும் பேச மாட்டார். அவரிடம் 1971 போருக்காகக் கிடைத்த பஸ்சிமி ஸ்டார் இருந்தது, சங்கிராம் மெடல் இருந்தது. மெடலின் விளிம்பில் அவர் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். நாங்கள் அதைத் தடவிப் பார்த்துக் கேட்போம். “ரொம்பக் குளிர்” என்பார். அவ்வளவுதான் பதில்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நிலச்சரிவு. முண்டக்கைக்குப் போகிற பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சூரல்மலையில் ஆற்றின் குறுக்கே 190 அடி நீளத்துக்கு, பேனல் என்கிற இரும்புச் சட்டங்களை இணைத்துக் கட்டுகிற பெய்லி பாலத்தைக் கட்டியது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். இரவும் பகலும் மழையில் நின்று, ஆகஸ்ட் 1 மாலைக்குள் முடித்தார்கள். 24 டன் தாங்கும் பாலம். அப்பா அந்த இரண்டு நாளும் டிவி முன்னாலிருந்து நகரவில்லை. ஜவான்கள் பேனலைத் தூக்கி வருகிறபோது, “ஆறு பேர், ஆறு பேர் வேணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். என் மகன், “ஏன் தாத்தா ஆறு பேர்?” என்று கேட்டான்.

அவன் கேட்டது சரியான கேள்வி. பத்தடி நீளம், ஐந்தடி உயரம், கிட்டத்தட்ட 260 கிலோ எடை உள்ள பேனல் அது. இரும்புத் தண்டு கொடுத்து ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். எல்லாரும் ஒரே உயரமாக இருக்கிற மாதிரி ஆளைப் பொறுக்குவார்கள். இல்லாவிட்டால் குள்ளமானவன் தப்பித்துவிடுவான், நெட்டையன் தோள் போய்விடும். அப்பா சொல்லிக்கொண்டே போனார். பேனல்களை இரும்பு முளை போட்டு இணைப்பது, இந்தக் கரையிலேயே பாலத்தைக் கட்டி உருளைமேல் ஏற்றி அந்தக் கரைக்குத் தள்ளுவது, முன்னால் கனமில்லாத மூக்கு ஒன்று வைத்து அது எதிர்க்கரையைத் தொடும்வரை பின்பாரம் வைத்திருப்பது. மகன் போனை எடுத்துப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டான். “பண்ணு” என்றார். அடுத்து வந்த பல மாலைகள் அப்படிப் போயின. பாலத்தில் தொடங்கிய பேச்சு ஒரு நாள் பசந்தர் ஆற்றங்கரைக்குப் போய் நின்றது.

1971 டிசம்பர், பாகிஸ்தானுக்குள் பசந்தர் ஓடுகிற ஷகர்கர் பகுதி. கிழக்கே டாக்கா விழப்போகிற நாட்கள். மேற்கே நம் படைகள் முன்னேற வேண்டிய நிலம் முழுக்கப் பாகிஸ்தான் தரப்பு மைன் என்கிற கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தது. டாங்கிக்கு வைக்கிற மைன் மனிதன் மிதித்தால் வெடிக்காது. அதனால் நடுநடுவே ஆளுக்கு வைக்கிற சின்ன மைனையும் கலந்து புதைப்பார்கள். டாங்கி போக வழி திறப்பது சாப்பர்களின் வேலை. படுத்துக்கொண்டு, கையில் இருக்கிற கூர்க்கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் செருகிச் செருகிப் பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் மைனின் தலையில் படும்; சாய்வாகப் போனால் விலாவில் படும். தட்டுப்பட்டால் கையால் மண்ணைத் தள்ளி எடுக்க வேண்டும். திறந்த வழியின் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருகிற டாங்கிக்காரனுக்கு இருட்டில் அந்த நாடாதான் உயிர்.

இதைச் சொன்ன அன்றைக்குத்தான் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகிற நாடா எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

டிசம்பர் 15 இரவு வழி முழுவதும் திறந்து முடியவில்லை. எதிர்த்தரப்பு டாங்கிகள் வருவதாகத் தகவல் வந்ததும், 17 பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டின் டாங்கிகள் பாதி திறந்த வழியிலேயே புகுந்து போயின. அந்த ரெஜிமென்ட்டில்தான் 21 வயது செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் இருந்தார். மறுநாள் அவர் நடத்திய சண்டைக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. அதைப் பெற அவர் உயிரோடு இல்லை. இந்தக் கதையைப் பலர் படித்திருப்பார்கள். அந்த டாங்கிகள் போன மண்ணில் முகம் புதைத்துக் கிடந்த தம்பிகளைப் பற்றி அவ்வளவாக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு அடுத்தாற்போல் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவன் ஓமலூர்ப் பக்கத்துப் பையன். அப்பாவைவிட இரண்டு வயது சின்னவன். நன்றாகப் பாடுவானாம். யாருக்காவது கடிதம் எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுப்பானாம். விடிவதற்கு முன்னால் அவன் பக்கத்தில் வெடித்தது. அப்பா நாடாவுக்குள்ளேயே நகர்ந்து போய் அவனைப் பிடித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் வரும்வரை பேசிக்கொண்டுதான் இருந்தானாம். வீட்டுக்கு அனுப்பிய எம்.ஓ., அதாவது மணியார்டர், போய்ச் சேர்ந்திருக்குமா என்று கேட்டான். அக்காவின் பெயரைச் சொல்லி, அவளுக்குத்தான் அந்தப் பணம் என்றான். அப்பா, “சேர்ந்திருக்கும்டா, இந்நேரம் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பாங்க” என்றார். பையன் சரி என்று தலையை ஆட்டினானாம். அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

டிசம்பர் 17 இரவு சண்டை நின்றது. அப்பா 1972-ல் ஊருக்கு வந்தபோது, தெரிந்த அரைகுறை முகவரிக்கு ஒரு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. கடிதம் சேர்ந்ததா என்றே தெரியாது. அவர்களுக்குத் தந்தி போயிருக்கும், அரசாங்கத்தின் காகிதங்கள் போயிருக்கும். ஆனால் எம்.ஓ. பற்றிக் கேட்டான் என்பது போயிருக்காது. ஐம்பது வருடத்துக்கு மேல் அது எங்கள் அப்பாவிடம் மட்டும் இருந்தது. இப்போது என் மகனின் போனில் இருக்கிறது. எங்களிடம் இருந்தாலும் அது எங்களுடையதல்ல.

அந்தப் பையனின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவன் வீட்டார் முதலில் கேட்க வேண்டிய செய்தி அது.

இதனால்தான் யூனிட் வாரியாக என்று கேட்கிறேன். ஒவ்வொரு குடும்பமும் தன் தாத்தாவைத் தானே பதிவு செய்து தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு அரசாங்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வேலூர்க்காரர் மனசில் இருப்பது ஓமலூர்க்காரரின் கடைசி மணிநேரம். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் நினைவில் தேனிப் பையன் ஒருவன் இருப்பான். இந்த இரண்டு முனையையும் சேர்த்து வைக்கக் குடும்பங்களால் முடியாது. எந்த மாவட்டத்தில் எந்த யூனிட்டுக்காரர் இருக்கிறார், எந்த வீட்டில் போரில் கணவனை இழந்தவர் இருக்கிறார் என்ற விவரம் ஒரே இடத்தில் இருப்பது உங்கள் துறையில்தான்.

திருவண்ணாமலை மாவட்டம் எங்களுக்குத் தூரமில்லை. செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்தச் சண்டை, என்ன செய்து பட்டான் என்பதை அவற்றில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எடுத்தனூரில் உள்ள கல் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது, கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் செயலையும் கல்லில் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும் ஒரு நாய் என்ன செய்தது என்று நமக்குத் தெரிகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் இது மாறிப்போனது. முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய சில ஊர்களில் பளிங்குப் பலகை இருக்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். சுதந்திர இந்தியா அதைவிட நன்றாகவே செய்திருக்கிறது. டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கிரானைட்டில் வெட்டப்பட்டிருக்கின்றன. பெயர் வந்துவிட்டது. என்ன செய்தார்கள், கடைசியில் என்ன சொன்னார்கள் என்பது இன்னும் வரவில்லை. அது தெரிந்தவர்கள் நம் மாவட்டங்களில், திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போர்க் குறிப்பேடுகள் இருக்கின்றனவே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கின்றன. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாறுகளைத் தொகுப்பதற்கும், பழைய ஆவணங்களைப் பொதுவில் வைப்பதற்கும் ஒரு கொள்கையையே அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அந்தக் குறிப்பேடுகள் அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதியவை. எத்தனை மணிக்கு மைன்களுக்கு நடுவே எந்த வழி திறந்தது என்று இருக்கும். ஒரு தம்பி இன்னொரு தம்பியிடம் தமிழில் பேசியது அதில் வராது.

காலம் எவ்வளவு குறைவு என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். 1971-ல் 18 வயதில் போர்முனையில் நின்ற சிறுவனுக்கே இன்றைக்கு 72-க்கு மேல் ஆகிறது. 1962-ல் இருந்தவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் போய் பர்மாவையும் ஆப்பிரிக்காவையும் பார்த்துவிட்டு வந்த தமிழர்களின் தலைமுறை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அமெரிக்காவில் 2000-ல் சட்டமே இயற்றி, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் பொறுப்பில் படைவீரர்களின் வாய்மொழியைச் சேர்த்து வருகிறார்கள். நமக்குச் சட்டம்கூட வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

வழி இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை லைஃப் சர்டிஃபிகேட்டுக்காக இவர்கள் எல்லாரும் எங்காவது வந்து உட்காருகிறார்கள். வர முடியாதவர் வீட்டுக்குத் தபால்காரர் கருவியோடு போகிறார். கொடி நாளுக்கு டிசம்பர் 7-ல் மாவட்டந்தோறும் கூட்டம் நடக்கிறது. கல்லூரிகளில் என்.சி.சி., என்.எஸ்.எஸ். பிள்ளைகள் இருக்கிறார்கள், வரலாறு படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு சாதாரண போனில் கேட்கிற அளவுக்குக் குரல் பதிவாகிறது. பதிவுகளைப் பாதுகாக்க, மாநில அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏற்கெனவே மின்னூலகம் நடத்துகிறது. புதிதாக ஒரு கட்டடம் கட்டத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், அனுப்பப்போகிற பிள்ளைகளுக்கு உதவும். “போரில் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். என்ன கருவி, எவ்வளவு கனம், எப்படிப் பிடிப்பது? லங்கரில், அதாவது படைச் சமையற்கூடத்தில், என்ன சாப்பாடு? பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருந்தார்கள், அவர் எந்த ஊர்? கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் இன்னும் நல்லது. நாங்கள் அப்பா கையில் ஒரு பின்னல் ஊசியைக் கொடுத்தோம். அதை வைத்துத்தான் மண்ணில் எப்படிச் செருக வேண்டும் என்று காட்டினார். அப்புறம், அவர் பேச்சை நிறுத்தினால் நிறுத்தியபடி விட்டுவிட வேண்டும். மறுநாள் தானே தொடர்வார்.

பேச விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இன்றைக்கும் ரகசியமாக இருக்க வேண்டிய விஷயங்கள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் 1971 வரைக்கும் என்று எல்லை போட்டுக் கேட்கிறேன். இறந்தவரைப் பற்றிய செய்தி வந்தால், அதைப் பொதுவில் வைக்கும் முன் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சில குடும்பங்கள் வேண்டாம் என்று சொல்லும். அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று. மனைவிகளையும் பதிவு செய்யுங்கள். தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போது அவர் கையில் இருப்பது இன்லண்டா தந்தியா என்று தூரத்திலிருந்தே பார்க்கப் பழகிய பெண்கள் இவர்கள். என் அம்மா இரண்டு மாதம் கணவனோடும் பத்து மாதம் தனியாகவும் பதினேழு வருடம் குடும்பம் நடத்தியவள். மூன்று பிரசவத்தில் இரண்டுக்கு அப்பா ஊரில் இல்லை. ஒரு படைவீரரின் சேவைக் காலம் என்று நீங்கள் கணக்கிடுகிற வருடங்கள் எல்லாம் இவளுக்கும் சேவைக் காலம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேசச் சொன்னால் அவளிடம் நிறைய இருக்கிறது.

எங்கள் பங்குக்கு, அப்பாவின் பதிவுகள் முழுவதையும் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம். என் மகன் அவற்றைத் தேதிவாரியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் என்ன பேசுகிறார் என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறான். நீங்கள் திட்டம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்றும் இருக்கிறது. ஓமலூர்ப் பையனின் பெயரும், அப்பா நினைவில் இருந்த ஊர்ப்பெயரும், அக்காவின் பெயரும் தனி உறையில் வைத்துக் கொடுக்கிறோம். பெங்களூர் ரெக்கார்ட் ஆபீசின் உதவியோடு சேலம் மாவட்ட அலுவலகம் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியும் என்று நம்புகிறேன். அக்கா இருந்தால் அவருக்கு இப்போது எண்பது வயது இருக்கலாம். தம்பியின் செய்தியைக் கேட்க விருப்பமா என்று முதலில் அவரைக் கேளுங்கள். விருப்பம் என்றால் சொல்லி அனுப்புங்கள். பதிவை எடுத்துக்கொண்டு நாங்களே அவர் வீட்டுக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
மெட்ராஸ் சாப்பர்ஸ் ஹவில்தார் ஒருவரின் மூத்த மகள்,
வேலூர் மாவட்டம்